கர்ப்பப்பை கயிற்றில் தொங்கவில்லை

என் பெரியம்மா சிங்கப்பூரின் யீஷூனில் நான்கறை வீட்டில் இருக்கிறார். வயது 71. காலை ஐந்தரைக்கு எழுந்து, விளக்கேற்றி, ஈரச்சந்தைக்கு நடந்தே போய்விட்டு வருகிற ஆள். போன வருடம் ஒரு சாயங்காலம் நான் போயிருந்தபோது சோபாவின் விளிம்பில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். மூலத் தொந்தரவோ என்று கேட்டேன். பெரியப்பா டிவியில் மூழ்கியிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அடி இறங்கியிருக்குடி. காலையில ஒண்ணும் தெரியாது. சாயங்காலமானா கீழே ஏதோ கனமா தொங்குற மாதிரி இருக்கும். குளிக்கும்போது கைக்குத் தட்டுப்படுது.”

கர்ப்பப்பை கீழே இறங்குவதைத்தான் அடி இறக்கம் என்பார்கள். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆறு வருடமாம். இந்த ஆறு வருடமும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று மாதத்துக்கொரு முறை பலதுறை மருந்தகத்துக்குப் போய் வந்திருக்கிறார். அங்கே இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. “அந்தச் சீனப் பையன்கிட்ட நான் இதை எப்படிச் சொல்றது? எந்த வார்த்தையில சொல்றது?” என்றார். ‘அந்தப் பையன்’ ஒரு டாக்டர். முப்பது வயதிருக்கும்.

சிறப்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மொழிபெயர்ப்பாளர் வேலையும் எனக்கே. பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, தலைகீழாக ஒரு பேரிக்காய் வரைந்தார். அதுதான் கர்ப்பப்பை. அதன் கழுத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கோடுகள் இழுத்து, “இவைதான் லிகமென்ட். தளர்ந்துவிட்டன” என்றார். பெரியம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “கயிறு அறுந்துபோச்சாமா?”

இல்லை, தளர்ந்திருக்கிறது என்று சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கர்ப்பப்பை கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொருள் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெயரே அப்படி நினைக்க வைக்கிறது. தேடிப் படித்ததில், அது கயிறும் இல்லை, கர்ப்பப்பை அதில் தொங்கிக்கொண்டும் இல்லை என்று தெரிந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லிகமென்ட் என்பதைத் தமிழில் பெரும்பாலும் தசைநார் என்கிறோம். முழங்காலில் எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டுகிற வலுவான வெள்ளை நார் அது. பந்து விளையாடுகிறவர்கள் கிழித்துக்கொள்வார்களே, அதேதான். அதில் தசையே கிடையாது, பெயரில் மட்டும் தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள நார்களில் உண்மையிலேயே மென்தசை இழைகள் உண்டு. அங்கே அந்தப் பெயர் தற்செயலாகப் பொருந்திப்போகிறது. நான் இங்கே வெறுமனே ‘நார்’ என்றே எழுதுகிறேன்.

கர்ப்பப்பையைச் சுற்றி இந்த நார்கள் பல ஜோடி இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வேலை இல்லை. சிலவற்றுக்குப் பெயருக்கேற்ற வேலையே இல்லை.

அகன்ற நார் என்று ஒன்று. பாடப்புத்தகப் படங்களில் கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் சிறகு விரித்தாற்போலத் தெரிவது அதுதான். பார்த்தால் அதுதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். ஆனால் அது வயிற்றறையின் உள்சவ்வு மடிந்து விழுந்ததால் உண்டானது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் மூங்கில் கழியில் ஈரச்சேலையைப் போட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டுவோம் இல்லையா? கழிதான் கர்ப்பப்பையும் கருக்குழாய்களும். அதன்மேல் விழுந்து இரண்டு பக்கமும் தொங்கும் சேலைதான் அகன்ற நார். சேலையா கழியைத் தாங்குகிறது?

அடுத்து வட்ட நார். கர்ப்பப்பையின் மேல் மூலைகளில் தொடங்கி முன்பக்கமாக வந்து, தொடை இடுக்குக் கால்வாய் வழியாக இறங்கி, பெண்ணுறுப்பின் வெளி உதடுகளின் கொழுப்பில் போய்க் கரைந்துவிடும். நீளம் 10 முதல் 12 செ.மீ. இதன் வேலை தாங்குவது அல்ல, கர்ப்பப்பையை முன்பக்கம் லேசாகச் சாய்த்து வைப்பது. மற்ற நாளில் இப்படியொன்று இருப்பதே தெரியாது. கர்ப்பத்தின் நான்காம் ஐந்தாம் மாதத்தில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். வளரும் கர்ப்பப்பையோடு இதுவும் நீண்டு தடிக்கும். அப்போது சடாரென்று எழுந்தாலோ, தும்மினாலோ, படுக்கையில் புரண்டாலோ அடிவயிற்றின் ஒரு பக்கம் கத்தியால் குத்தினாற்போல ஒரு வலி வரும். பெரும்பாலும் வலது பக்கம். சில நொடிகளில் போய்விடும். என் தங்கை எம்ஆர்டி ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்து, இறங்க எழுந்தபோது இப்படி ஒரு குத்து வந்து, பயந்துபோய் பிஷான் நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆபத்தில்லாத வலிதான். ரத்தப்போக்கோ, காய்ச்சலோ, விட்டுவிட்டு ஒரே சீராக வரும் இறுக்கமோ கூடச் சேர்ந்தால் மட்டும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“கர்ப்பப்பை பின்னால திரும்பியிருக்கு” என்று சொல்லிப் பெண்களைக் கலங்கடித்த காலம் ஒன்று இருந்தது. ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். மூக்கு ஒருவருக்கு நேராகவும் இன்னொருவருக்குச் சற்றுக் கோணலாகவும் இருப்பதுபோல அது ஒரு அமைப்பு, அவ்வளவுதான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதையே நோயாக்கி, வட்ட நார்களை அறுவைச் சிகிச்சையில் சுருக்கி இழுத்துக் கட்டினார்கள். கயிறு என்ற கற்பனை டாக்டர்களையும் விட்டுவைக்கவில்லை.

சினைப்பைக்கும் தனி நார்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் சினைப்பைக்குப் பெரும்பாலான ரத்தம் போகிறது. சினைப்பை முறுக்கிக்கொண்டால் தாங்க முடியாத வலி வருவதும், உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதும் அதனால்தான். அது வேறு கதை.

சரி, எதுதான் தாங்குகிறது? டாக்டரம்மா பேரிக்காயின் கழுத்தில் இழுத்த கோடுகளுக்கு வருவோம்.

அவை இரண்டு ஜோடி. முதல் ஜோடி கர்ப்பப்பை வாயிலிருந்தும் யோனியின் மேற்பகுதியிலிருந்தும் கிளம்பி இடுப்புச் சுவரின் பக்கவாட்டுக்கு விசிறிபோல விரிந்து போகும். இதை விவரித்து எழுதியவர்களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்வின் மாக்கென்ரோட் முக்கியமானவர். 1895-இல் எழுதினார். இன்றும் பல மருத்துவ நூல்களில் இதற்கு மாக்கென்ரோட் நார் என்றே பெயர். கார்டினல் நார் என்றும் சொல்வார்கள். இரண்டாம் ஜோடி கர்ப்பப்பை வாயின் பின்பக்கத்திலிருந்து மலக்குடலின் இருபுறமும் வளைந்து, முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்புக்குப் போகும். அதைப் பின்நார் என்று வைத்துக்கொள்வோம்.

மாக்கென்ரோட் நாரை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் முழங்கால் நாரைப்போல அடர்ந்த வெள்ளைக் கட்டு தெரியாது. ரத்தக் குழாய்கள், நரம்புகள், கொஞ்சம் மென்தசை, கொஞ்சம் கொழுப்பு, இவற்றையெல்லாம் சுற்றித் தளர்வான இணைப்புத் திசு. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களுக்கு ஒரு பாதை வேண்டும், அந்தப் பாதையைச் சுற்றி வலைபோலப் பின்னியிருக்கும் திசுவுக்குத்தான் நார் என்று பெயர் வைத்திருக்கிறோம். மின்கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிய உறை கொஞ்சம் இழுவையும் தாங்குமே, அந்த மாதிரி.

இந்த இடத்தில் அறுவை மருத்துவர்களுக்கு ஒரு பயம் உண்டு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய், கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளி, சரியாகக் கர்ப்பப்பைத் தமனிக்கு அடியில் புகுந்து போகிறது. மேலே பாலம், கீழே தண்ணீர் என்று மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுப்பார்கள். கர்ப்பப்பையை எடுக்கும்போது தமனியைக் கட்டுகிற கை கொஞ்சம் தள்ளிப் போனால் தண்ணீர்க் குழாயும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

பின்நாரில் நரம்புகள் அதிகம். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) இருக்கும் பெண்களுக்கு அந்த நோய்த்திட்டுகள் அடிக்கடி வந்து உட்காரும் இடங்களில் இதுவும் ஒன்று. மாதவிலக்கின்போது இடுப்பின் பின்பக்கம் பிடுங்கி எடுக்கும் வலிக்கு இது காரணமாக இருக்கலாம்.

இனி இந்த இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை. நிற்கிற பெண்ணின் உடம்பில் மாக்கென்ரோட் நார் கிட்டத்தட்ட மேலிருந்து கீழாக இறங்குகிறது. பின்நார் பின்பக்கமாக இழுக்கிறது. ஒன்று தூக்கிப் பிடிக்கிறது, மற்றொன்று பின்னுக்குத் தள்ளி வைக்கிறது. எங்கே தள்ளி வைக்கிறது என்பதுதான் விஷயமே. நம் இடுப்பின் அடியில் ஒரு தசைத் தளம் இருக்கிறது. அதன் முன்பகுதியில் சிறுநீர் வழியும் யோனியும் வெளியேற ஓர் இடைவெளி. பின்பகுதி கெட்டியான தரை. கர்ப்பப்பை வாயை இந்த நார்கள் இடைவெளிக்கு நேராக விடாமல் தரைக்கு நேராகப் பிடித்து வைக்கின்றன. இருமும்போதும் தூக்கும்போதும் வயிற்றுக்குள் உண்டாகும் அழுத்தம் மேலிருந்து கர்ப்பப்பையை அமுக்கினால், அது தரையில்தான் அமுங்கும், ஓட்டை வழியாகப் பிதுங்காது.

ஆக, சுமையைத் தாங்குவது தரை. நார்கள் சுமையை அதன்மேல் சரியான இடத்தில் நிறுத்தி வைக்கின்றன. கர்ப்பப்பையின் எடையும் ஒன்றும் பிரமாதமில்லை. பிள்ளை இல்லாத நேரத்தில் ஒரு கோழிமுட்டை அளவுதான், 60 கிராமை ஒட்டி இருக்கும். அதைத் தொங்கவிட இத்தனை ஏற்பாடு தேவையில்லை. மேலிருந்து வரும் அழுத்தத்துக்குத்தான் இவ்வளவும்.

மகப்பேறு மருத்துவர்கள் இதற்கு ஒரு கப்பல் உவமை சொல்வார்கள். கர்ப்பப்பை கப்பல், நார்கள் அதைக் கரையோடு கட்டிய கயிறுகள், தசைத் தளம் கப்பல் மிதக்கும் தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை கயிறுகளுக்குப் பாரமில்லை, கப்பல் நகராமல் பிடித்துக்கொண்டால் போதும். தண்ணீர் வற்றினால் முழுப் பாரமும் கயிற்றின்மேல் விழும். கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் நீளும், கடைசியில் விட்டுவிடும்.

இதைப் படித்ததும் எனக்குத் தாத்தா நினைவுதான் வந்தது. பெரியம்மாவின் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அங்கே 1938-இல் திறந்த, ஆயிரம் அடி நீளமுள்ள டிரை டாக்கைப் பற்றி அவர் கதை கதையாகச் சொல்வார். கப்பல் உள்ளே வந்ததும் கதவை அடைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். தண்ணீர் இறங்க இறங்க, கப்பல் சரியாமல் இருக்கக் கயிறுகளை இழுத்தும் விட்டும் சரிசெய்துகொண்டே இருப்பார்களாம். ஆனால் அடியில் கட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், தண்ணீர் போனதும் கப்பல் அதில் உட்கார்ந்துவிடும். தாத்தாவின் டாக்கில் கயிற்றின்மேல் கப்பலை விட்ட ஆள் யாருமில்லை. பெண்ணின் உடம்பில் அந்தக் கட்டைகள்தான் இல்லை. பெரியம்மாவிடம் இந்த உவமையைச் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார். “அப்ப தண்ணிதான் வத்தியிருக்கு, கயிறு இல்ல” என்றார். பாதி சரி. அவர் விஷயத்தில் இரண்டுமே.

தண்ணீர் ஏன் வற்றுகிறது? முதல் காரணம் பிரசவம். குழந்தையின் தலை வெளியே வரும்போது அந்த இடைவெளியை ஒட்டியுள்ள தசை தன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீள வேண்டியிருக்கிறது என்று கணினி மாதிரிகள் காட்டியிருக்கின்றன. கையிலோ காலிலோ இருக்கும் ஒரு தசையை அப்படி இழுத்தால் கிழிந்துவிடும். கர்ப்பகால மாற்றங்களால் பெரும்பாலான பெண்களுக்குக் கிழியாமல் தப்பிக்கிறது. சிலருக்கு இடுப்பெலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே தசை பிய்ந்துபோகிறது, ஆயுதம் போட்டு எடுக்கிற பிரசவங்களில் இது இன்னும் அதிகம். வெளியே தையலும் தெரியாது, ரத்தமும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் இருபது முப்பது வருடம் போய்விடும்.

அப்புறம் மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவது, வயதோடு தசை மெலிவது, தீராத இருமல், வருடக்கணக்கில் முக்க வைக்கும் மலச்சிக்கல், உடல் பருமன், பாரம் தூக்கும் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே இணைப்புத் திசு இளகலாக இருக்கும். அக்கா தங்கை, அம்மா மகள் என்று குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. சிசேரியன் செய்துகொண்டால் ஆபத்து குறைகிறது என்பது உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் வயிற்றைக் கிழித்துக்கொள்வது அடி இறக்கத்துக்குப் பயந்து வேறொரு வினையை விலைக்கு வாங்குவதாகிவிடும். மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு அது.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கேகே ஆஸ்பத்திரி நம் எல்லோருக்கும் தெரியும். கேகே என்பது கண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். சிராங்கூன் சாலையில் மாடு வளர்ப்பும் மாட்டு வியாபாரமும் நடந்த காலத்துப் பெயர், அந்த வியாபாரத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். 1924-இல் அது பிரசவ ஆஸ்பத்திரியானது. 1966-இல் ஒரே வருடத்தில் அங்கே 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஒரு நாளைக்கு நூறு பிரசவத்துக்கும் மேல். அந்த அம்மாக்களில் பலருக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று பிள்ளைகள். அதே 1966-இல்தான் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. 1972-இல் ‘இரண்டு போதும்’ பிரசாரம். 2023-இல் சராசரியாக ஒரு பெண்ணுக்கு 0.97 குழந்தை என்ற அளவுக்கு இறங்கிவிட்டோம்.

அதாவது அந்தக் கூடத்தில் பிள்ளை பெற்றவர்கள் இன்று எண்பதை ஒட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பெண்களாகப் பிறந்தவர்களுக்கு அறுபதை ஒட்டிய வயது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே சமயத்தில் அடி இறக்கம் வரக்கூடிய வயது. ஆனால் நம் வீடுகளில் முழங்கால் வலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம், இதைப் பற்றி மூச்சு விட மாட்டோம்.

பாட்டிமார்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. “பிள்ளை பெத்த உடம்பு, குடம் தூக்காதே, குத்துக்காலிட்டு உட்காராதே” என்று நாற்பது நாள் அதட்டி வைத்தார்கள். நீண்டு தளர்ந்த தசையும் திசுவும் தேறிவர வாரங்கள் ஆகும் என்ற அளவில் அந்த அதட்டலில் நியாயம் இருக்கிறது. வயிற்றில் இறுக்கிக் கட்டும் துணி வேறு. நம் ஊரில் பழைய சேலை. இங்கே பல தமிழ் வீடுகளில் மலாய் மக்சிக் (வயதான அம்மா) வந்து உருவிவிட்டு, பெங்குங் என்ற நீளத் துணியைச் சுற்றிவிட்டுப் போவார். முதுகுக்கு இதமாக இருக்கும், உடம்பைக் கவனித்துக்கொண்ட திருப்தியும் கிடைக்கும். ஆனால் கர்ப்பப்பையைத் தாங்கும் நார்கள் வயிற்றுச் சுவரில் இல்லை, இடுப்புக் கிண்ணத்தின் ஆழத்தில் இருக்கின்றன. வெளியே கட்டும் துணி அங்கே எட்டாது. மிகவும் இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும், அதனால் எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம்.

கிரேக்கர்களோடு ஒப்பிட்டால் நம் பாட்டிமார்கள் எவ்வளவோ தேவலாம். இரண்டாயிரம் வருடங்களுக்கும் முன்பு, அடி இறங்கிய பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கினார்கள். பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்து அடைத்ததும் உண்டு. ஏணி போய்விட்டது. மாதுளை மட்டும் உருமாறி இன்றும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

மருத்துவர்கள் இறக்கத்தை 0 முதல் 4 வரை அளக்கிறார்கள். யோனி வாயில்தான் அளவுகோலின் பூஜ்யம், எவ்வளவு மேலே, எவ்வளவு வெளியே என்று சென்டிமீட்டரில் கணக்கு. பிள்ளை பெற்ற பெண்களில் நிறைய பேருக்கு முதல் அல்லது இரண்டாம் நிலை இறக்கம் இருக்கும், அவர்களுக்கே தெரியாது, வைத்தியமும் தேவையில்லை. வாயிலைத் தாண்டும்போதுதான் பெரும்பாலும் தொந்தரவு. பெரியம்மாவுக்கு மூன்றாம் நிலை. எல்லாவற்றையும்விட அடிக்கடி இறங்குவது கர்ப்பப்பைகூட அல்ல, யோனியின் முன்சுவரும் அதன்மேல் இருக்கும் சிறுநீர்ப்பையும்தான். போனாலும் முழுசாகப் போகாத உணர்வு, விரலால் உள்ளே தள்ளிவிட்டால்தான் சிறுநீர் பிரிவது, இதெல்லாம் அதனால் வருபவை. விரலால் தள்ளுவதைப் பெரியம்மா ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். தான் மட்டும்தான் இப்படி ஏதோ அசிங்கமாகச் செய்வதாக நினைத்திருந்தார். டாக்டரம்மா அந்தக் கேள்வியைத் தானாகவே கேட்டபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வைத்தியத்துக்கு வருவோம். இங்கே அந்தக் கப்பல் உவமை கைகொடுக்கிறது. நீண்டுபோன நாரை எந்தப் பயிற்சியாலும் சுருக்க முடியாது. இணைப்புத் திசு நாம் சொன்னபடி கேட்காது. ஆனால் தண்ணீர் மட்டத்தை உயர்த்தலாம். இடுப்புத் தளத் தசைப் பயிற்சியின் முழு ரகசியமும் இதுதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் எழுதியதிலிருந்து இது அவர் பெயராலேயே பரவியது. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோலப் பின்பக்கத்தையும், சிறுநீரை அடக்குவதுபோல முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே இழுத்து மேலே தூக்க வேண்டும். சில நொடி பிடித்து, முழுசாக விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளைக்கு மூன்று தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. பலரும் உள்ளே இழுப்பதாக நினைத்துக்கொண்டு கீழே முக்கிவிடுகிறார்கள். அது இருக்கிற கயிற்றையும் இழுத்து நீட்டுகிற வேலை. அதனால் ஒரு முறையாவது இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது. இங்கே அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தால் முதல் இரண்டு நிலைகளில் கனமும் தொங்கல் உணர்வும் நன்றாகவே குறையும். வெளியே வந்துவிட்ட கர்ப்பப்பையை இது தனியாக உள்ளே கொண்டுபோய் வைக்காது.

அறுவைச் சிகிச்சை பற்றி நம்மவர்களிடம் ஒரே ஒரு எண்ணம்தான்: “எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு.” நான் பேசிப் பார்த்த அத்தைமார்கள் எல்லோரும் இதையே சொன்னார்கள். இறங்கிய கர்ப்பப்பை குற்றவாளி அல்ல, தாங்குவது விட்டுப்போனதால் கீழே வந்த ஒரு பயணி. பயணியை இறக்கிவிட்டால் உடைந்த தரை சரியாகிவிடுமா? கர்ப்பப்பையை எடுக்கும்போது அந்த இரண்டு ஜோடி நார்களையும் வெட்டித்தான் எடுக்கிறார்கள். வெட்டிய முனைகளை யோனியின் உச்சியில் திரும்பச் சேர்த்துத் தைக்காவிட்டால், சில வருடங்களில் யோனியே உள்பக்கம் வெளியாகத் திரும்பி இறங்கக்கூடும். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் டிலான்சி 1992-இல் கர்ப்பப்பை எடுத்த பெண்களின் இந்த இறக்கத்தை ஆராய்ந்து, தாங்கும் அமைப்பை மேல், நடு, கீழ் என மூன்று மட்டமாகப் பிரித்துக் காட்டினார். மேல்மட்டம் நம்முடைய இந்த இரண்டு நார்கள்தான். இன்று அறுவை மருத்துவர்கள் எந்த மட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து அதைச் சரிசெய்கிறார்கள்.

கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே செய்யும் வழிகளும் உண்டு. 1888-இலேயே இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் ஒரு முறையைத் தொடங்கினார். நீண்டுபோன கர்ப்பப்பை வாயைக் குறைத்து, மாக்கென்ரோட் நார்களை முன்பக்கம் இழுத்துச் சேர்த்துத் தைப்பது. நடுவில் மங்கிப்போன அந்த முறையை இப்போது மறுபடி பேசுகிறார்கள். பின்நார்களையே சுருக்கித் தைப்பதும், இடுப்பின் ஆழத்தில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் ஓர் அசல் நாரில் கொண்டுபோய்க் கட்டுவதும் மற்ற வழிகள். யோனி வழியாக வலைத்துணி வைத்துத் தைக்கும் முறை ஒரு காலத்தில் வெகுவாகப் பரவியது. வலியும் வலை வெளியே துருத்துவதும் அதிகமாகி, அமெரிக்காவில் 2019-இல் இந்த இறக்கத்துக்கான அந்த வலைகளை விற்கவே தடை போட்டுவிட்டார்கள்.

எந்த அறுவையும் முழு உத்தரவாதம் இல்லை. திரும்ப இறங்கலாம். திசுவும் அதே உடம்பின் திசுதானே.

பெரியம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று தோன்றிவிட்டது. சர்க்கரை வேறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து மாதுளையின் வாரிசை எடுத்து வைத்தார். பெசரி. சிலிக்கோனால் ஆன, மடக்கினால் மடங்கும் ஒரு வளையம். உள்ளே வைத்தால் விரிந்து யோனிச் சுவர்களில் ஊன்றிக்கொண்டு, கர்ப்பப்பையைத் தூக்கிப் பிடிக்கும். தாத்தாவின் டாக்கில் இருந்த கட்டை மாதிரி. வலிக்காது, உட்காரலாம், நடக்கலாம். சில மாதத்துக்கொரு முறை கழற்றிக் கழுவி, உள்ளே புண் இல்லையே என்று பார்த்து மறுபடி வைக்க வேண்டும். கற்றுக்கொண்டால் தானே கழற்றி மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் களிம்பும் தருவார்கள்.

அளவு பார்த்து, 64 மில்லிமீட்டர் வளையம் பொருந்தும் என்றார். பெரியம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களைக் குவித்து அதற்குள் நுழைத்து, மணிக்கட்டுவரை கொண்டுபோனார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

“நம்ம ரெண்டு எட்டு வளையல் அளவுதான்” என்றார் பெரியம்மா. “என் கைக்குச் சரியா இருக்கு. இதை முன்னாடியே குடுத்திருக்கலாமே, எதுக்கு ஆறு வருஷம்?”

இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.